வெளிறிய பம்பரும் கிளாடிங்கும்: பழைய கார் வைத்திருப்போருக்கான கேள்வி பதில்

பம்பர், கிளாடிங் (கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவிலும் பொருத்தியிருக்கும் காப்புப் பட்டை) என்று காரின் வெளிப்புறத்தில் பெயிண்ட் பூசப்படாமல் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலரும் கேட்டிருந்தால், விவரம் அதிகமாக இருந்த கேள்வியைத் தேர்ந்தெடுத்தேன்.

கேள்வி (மதுரை, 2009 ஆல்ட்டோ): இரண்டு பம்பர்களும் சாம்பல் பூத்துவிட்டன. வாட்டர் வாஷ் கடையில் ஒவ்வொரு முறையும் ஏதோ பாலிஷ் தடவித் தருகிறார்கள். அன்றைக்குப் புதிது போலத் தெரிகிறது. ஒரு மழை பெய்தால் மறுபடியும் பழைய கோலம்தான். கறுப்பு நிறமே போய்விட்டதா?

பதில்: நிறம் எங்கும் போகவில்லை. உங்கள் பம்பர் பாலிப்ரொப்பிலீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கறுப்பு மேலே பூசிய சாயம் அல்ல. வார்ப்பதற்கு முன்பே கலக்கப்பட்ட கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூள். அந்தத் தூள் வெயிலில் மங்குவதில்லை. புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிப் பிளாஸ்டிக்கைக் காப்பதும் அதுதான். ஆனால் பல ஆண்டு வெயிலில், மேல்தோலில் இருக்கும் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அறுபட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டாகி, விறைப்புக்காகச் சேர்க்கப்பட்டிருக்கும் டால்க் போன்ற வெண்தூள் வெளியே தலைகாட்டத் தொடங்குகிறது. அந்தக் கரடான பரப்பில் ஒளி நாலாபக்கமும் சிதறுவதால்தான் கறுப்பு நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது.

ஈரத்துணியால் ஒரு சாண் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். சிமெண்ட் தரை நனைந்ததும் கறுத்துத் தெரிவதைப் போல, ஈரம் காயும் வரை பம்பரும் நல்ல கறுப்பாகத் தெரிந்தால் அதை மீட்க முடியும். கடையில் தடவும் சிலிக்கான் எண்ணெயும் இந்தத் தண்ணீரின் வேலையைத்தான் செய்கிறது. விரிசல்களை நிரப்பி ஒளிச்சிதறலை நிறுத்துகிறது. தண்ணீரைவிடச் சற்று மெதுவாகப் போகும், அவ்வளவுதான். மாறாக, ஈரத்திலும் வெளிறியே இருந்து, விரலால் தேய்த்தால் மாவு மாவாக உதிர்ந்தால், மேல்தோல் முழுவதுமாகச் சிதைந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பெயிண்டோ புதிய பாகமோதான் வழி.

கேள்வி (திருச்சி): எந்தப் பாகம் எந்தப் பிளாஸ்டிக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பாகத்தின் உட்புறத்தில் அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். 'பிபி' என்றால் பாலிப்ரொப்பிலீன். அதோடு 'ஈபிடிஎம்' என்று சேர்ந்திருந்தால் ரப்பர் கலந்தது. 'டி20' என்றிருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க் கலந்தது. பம்பரும் கிளாடிங்கும் பெரும்பாலும் இந்த வகைதான். கிரில், மிரர் மூடி போன்றவை 'ஏபிஎஸ்' ஆக இருக்கலாம். அவற்றின் அருகே அசிட்டோனையோ தின்னரையோ கொண்டுபோகவே கூடாது. பாலிப்ரொப்பிலீன் தாங்கிக்கொள்ளும், ஏபிஎஸ் கரைந்து இளகிவிடும்.

கேள்வி (ஓசூர்): ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டினால் ஒரு ரூபாய் செலவில்லாமல் கறுப்பு திரும்பிவிடுகிறது என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். உண்மைதானா?

பதில்: திரும்புவது உண்மை, நிலைப்பதில்லை என்பதும் உண்மை. பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 160 முதல் 165 டிகிரி செல்சியஸில் உருகும். ஹீட் கன்னின் முனையில் வெப்பம் அதைப்போல மூன்று மடங்குக்கு மேலும் போகக்கூடும். அந்தச் சூட்டில் மேல்தோல் லேசாக இளகி, நுண்விரிசல்கள் மூடிக்கொள்வதால் கறுப்பு தெரிகிறது. ஆனால் உருகியது ஏற்கெனவே சிதைந்துபோன பிளாஸ்டிக். அதைக் காக்கப் புதிதாக எதுவும் சேரவில்லை. ஆகவே வெயிலில் நின்றால் முன்பைவிடச் சீக்கிரம் வெளிறுகிறது. ஒரே இடத்தில் சில விநாடிகள் கூடுதலாக நின்றுவிட்டால், பம்பரின் சொரசொரப்பான புள்ளிக்கோலம் வழுக்கிப் பளபளக்கும் திட்டாக மாறும். அந்தத் திட்டை எதனாலும் பழையபடி ஆக்க முடியாது. பக்கத்துப் பெயிண்ட் கொப்பளிப்பது, கண்ணாடி வெடிப்பது, பார்க்கிங் சென்சார் கெடுவது எல்லாம் தனிக்கணக்கு. நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி (கோத்தகிரி, ஆம்னி): தேங்காய் எண்ணெய் தடவி வருகிறேன். மாலையில் கறுப்பாக இருக்கிறது, காலையில் வெள்ளைப் படலம் தெரிகிறது. ஏன்?

பதில்: தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உங்கள் ஊர்க் குளிரில் நீங்கள் காலையில் பார்ப்பது பம்பரின் மேல் உறைந்த எண்ணெயைத்தான். சமவெளியில் பெரும்பாலும் உறையாது, ஆனால் அங்கே புழுதியை வாரிப் பூசிக்கொள்ளும். டீசல், மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் ஆகியவற்றைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். அவை பக்கத்திலுள்ள ஈபிடிஎம் ரப்பர் பீடிங்கை உப்பவைத்துக் கெடுக்கும் என்பதால் வேண்டவே வேண்டாம். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மற்றவற்றைப் போல வழியாமல் உலர்ந்து படலமாகும். ஆனால் சரியாகத் துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும். அதைவிட முக்கியமாக, அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

கேள்வி (கோயம்புத்தூர், 2013 டஸ்டர்): பிளாஸ்டிக்குக்கான செராமிக் கோட்டிங் வாங்கி நானே போட்டேன். சில இடங்களில் அருமையான கறுப்பு. சில இடங்களில் பிடிக்கவே இல்லை, தண்ணீர் வழிந்த தடம் போலக் கோடு கோடாக இருக்கிறது. பொருள் போலியாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது பொருளை அல்ல, கழுவலை. பத்து ஆண்டு ஓடிய வண்டியின் கிளாடிங்கில் எத்தனை பேர் எத்தனை வகை பாலிஷைத் தடவியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சிலிக்கான் முழுவதும் சொரசொரப்பின் பள்ளங்களில் தங்கியிருக்கிறது. சாதாரணக் கார் ஷாம்பூ அதை எடுக்காது. கோட்டிங் பிளாஸ்டிக்கின் மேல் பிடித்தால்தான் நிற்கும். எண்ணெயின் மேல் பிடித்தால் எண்ணெயோடு சேர்ந்து போய்விடும்.

முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி, பாகம் கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் வரை காத்திருங்கள். ஷாம்பூவால் மண்ணைப் போக்கிய பிறகு, அனைத்துப் பயன்பாட்டு கிளீனரைக் குப்பியில் சொல்லியுள்ள அளவில் நீர்த்துத் தெளித்து, மென்மையான தூரிகையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நுரை முதலில் பழுப்பாக வரும். அலசிவிட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். நுரை வெள்ளையாக வரும் வரை இதை நிறுத்தக் கூடாது. பழைய வண்டிகளில் மூன்று நான்கு முறை ஆகும். தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் இன்னும் எண்ணெய் இருக்கிறது; படலமாகப் பரவி நின்றால் பரப்பு சுத்தமாகிவிட்டது. கம்பித் தூரிகையும் ஸ்டீல் நாரும் ஆகாது. மெலமைன் ஸ்பாஞ்சை லேசான அழுத்தத்தோடு பயன்படுத்தலாம், ஆனால் அது நுண்ணிய உப்புத்தாள் போன்றதுதான் என்பதால் பக்கத்துப் பெயிண்டில் படக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவிக் கழுவி உப்புக்கறை படிந்திருந்தால், வினிகரையும் தண்ணீரையும் சம பங்காகக் கலந்து ஓரிரு நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள்.

அடுத்தது உலர்த்தல். இதில்தான் உங்கள் கோடுகள் பிறந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். கிளாடிங்கின் இடுக்கிலும் திருகுத் துளையிலும் தங்கிய தண்ணீர், நீங்கள் கோட்டிங் தடவிக்கொண்டிருக்கும்போது மெல்ல இறங்கி வரும். ஊதுகாற்று இருந்தால் ஊதுங்கள். இல்லையேல் கழுவிய பிறகு வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சில மணி நேரம் நிறுத்துங்கள். கடைசியாக, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மைக்ரோஃபைபர் துணியால் துடைத்த பின்பே குப்பியைத் திறக்க வேண்டும்.

பூசும்போது ஒரு முழ நீளத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். சில துளிகளே போதும். மெல்லிய படலமாகக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, குப்பியில் சொன்ன நேரத்துக்குள் மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். மறுநாள் வரை தண்ணீர் படக் கூடாது. உங்கள் வண்டியில் ஏற்கெனவே இறுகிவிட்ட கோடுகளை மெலமைன் ஸ்பாஞ்சால் தேய்த்து எடுத்துவிட்டு, அந்தப் பாகம் முழுவதையும் முதலிலிருந்து செய்யுங்கள். கோட்டின் மேலேயே இன்னொரு பூச்சு போட்டால் கோடு இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

கேள்வி (சேலம்): டிரெஸ்ஸிங், சாயம், செராமிக், பெயிண்ட் என்று நான்கு வகை சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மாதம் ஒருமுறை வண்டியைத் துடைப்பதில் சலிப்பில்லாதவருக்கு, தண்ணீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங்கே (தடவித் துடைக்கும் பாலிஷ்) போதும், அது மலிவு, தவறாகிவிட்டால் கழுவி எடுத்துவிடலாம். சாயம் கலந்த மீட்பான்கள், நன்றாக வெளிறிய ஆனால் உதிராத பிளாஸ்டிக்குக்கு ஏற்றவை; நிறத்தை உள்ளே இறக்குவதால் மாதக்கணக்கில் நிற்கும். கையுறை அணியாவிட்டால் கைக்கும் அதே நிறம்தான். செராமிக் ஓராண்டாவது நிற்க வேண்டும், ஆனால் அட்டையில் அச்சிட்ட காலத்தை நம் ஊர் வெயிலுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் கடைசி வழி. ஒருமுறை அடித்துவிட்டால் அது பெயிண்ட் அடித்த பாகம். கல் பட்டால் பெயரும், பெயர்ந்தால் மறுபடியும் அடிக்க வேண்டும். பழைய வண்டிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சாயம்.

கேள்வி (விருதுநகர், இண்டிகா): பட்டறையில் பம்பருக்குக் கறுப்பு அடித்தார்கள். மூன்றே மாதத்தில் தோல் உரிவது போல உரிகிறது. பெயிண்டரிடம் கேட்டால் பிளாஸ்டிக் என்றால் அப்படித்தான் என்கிறார்.

பதில்: அப்படி இல்லை. பாலிப்ரொப்பிலீனின் மேல் எதுவும் இயல்பாக ஒட்டாது. பசையும் ஒட்டாது, சாதாரண பிரைமரும் ஒட்டாது. அதற்கென்றே அட்ஹீஷன் புரமோட்டர் என்ற நிறமற்ற அடிப்பூச்சு இருக்கிறது. சிலிக்கானை முழுவதும் நீக்கி, சாம்பல் நிற ஸ்கஃப் பேடால் (தேய்க்கும் நார்ப்பட்டை) லேசாகச் சொரசொரப்பாக்கி, அந்த அடிப்பூச்சைத் தெளித்து, அதன் குப்பியில் சொன்ன நேரத்துக்குள் மேல்பூச்சை அடிக்க வேண்டும். பம்பர் வளையக்கூடியது என்பதால் மேல்பூச்சும் வளையும் தன்மையுடையதாக இருக்க வேண்டும். பம்பருக்கென்று விற்கும் மேட் கறுப்பு ஸ்பிரே அப்படிப்பட்டதுதான். உரிந்துகொண்டிருக்கும் பெயிண்டின் மேலேயே இன்னொரு கை அடித்துத் தருவதாகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். முழுவதையும் உரித்தாக வேண்டும். பார்க்கிங் சென்சார் இருந்தால் அதைக் கழற்றியோ மாஸ்கிங் டேப் ஒட்டியோ அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): பாடிக்கு வேக்ஸ் போட்டபோது ஓரத்துப் பிளாஸ்டிக்கில் பட்டு வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. கழுவினாலும் போகவில்லை.

பதில்: பழைய பல்துலக்கும் பிரஷ், நீர்த்த கிளீனர், சற்று வெதுவெதுப்பான தண்ணீர், பொறுமை. பிடிவாதமான இடத்தில் ஆல்கஹால் கலவையைத் தொட்டுத் தேயுங்கள். அடுத்த முறை வேக்ஸ் போடும் முன் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): வண்டியின் இடது பக்கம் மட்டும் மிக மோசமாக வெளிறியிருக்கிறது. வலது பக்கம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. பாகத்தில் குறையா?

பதில்: நிறுத்துமிடத்தைக் கவனியுங்கள். தினமும் ஒரே திசை பார்த்து நிறுத்தினால், தெற்கும் மேற்கும் பார்த்த பக்கங்கள்தான் அதிகம் அடிவாங்கும்; நம் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகலில் சூரியன் தலைக்குத் தெற்கே சாய்ந்திருக்கிறது. வாரம் ஒருமுறை வண்டியைத் திருப்பி நிறுத்தினாலே இரு பக்கமும் சமமாக மூப்படையும். கவர் போடுவதானால் காற்றோட்டமுள்ள துணியாக, புழுதி இல்லாத வண்டியின் மேல் போடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): இதே முறைகளை ஹெட்லைட் மூடிக்கும் கதவு ரப்பருக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட். அதைப் படிப்படியாக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். கதவு ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ் நல்லது, ஆனால் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் அன்று அதைத் தொடாதீர்கள்.

கேள்வி (சென்னை, வேகன் ஆர்): அடுத்த வாரம் வண்டியை விற்கிறேன். செலவு செய்ய மனமில்லை. குறைந்தபட்சம் எதைச் செய்யலாம்?

பதில்: மேலே கோவைக்காரருக்குச் சொன்னபடி நன்றாகக் கழுவுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பிறகு தண்ணீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங்கைத் தடவி, கால் மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, மினுக்கம் இல்லாத கறுப்பாக விடுங்கள். டயர் பாலிஷைப் பூசி எண்ணெய் வழிய நிறுத்தினால், வாங்க வருபவர் வேறு எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடத் தொடங்குவார். உடைந்த கிளிப், வெடித்த கௌல் (முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி) போன்ற சிறு பாகங்களை உதிரிபாகக் கடையில் விலை கேட்டுவிட்டுப் புதிதாகவே மாற்றிவிடுவது மலிவாக இருக்கலாம். பழைய கௌலையே வைத்துக்கொள்வதானால் அதில் எதையும் தடவாதீர்கள். மழை நாளில் ஓட்டிப் பார்க்க வருபவர் வைப்பரைப் போட்டதும் முன்கண்ணாடி முழுவதும் எண்ணெய்க்கோடு இழுக்கும்.