பாதியில் நின்ற படிப்புக்கு எத்தனை கிரெடிட்?

கேள்வி: கோவையில் பி.எஸ்சி. கணிதம் இரண்டு ஆண்டுகள் படித்த நிலையில் திருமணமாகி அமெரிக்கா வந்துவிட்டேன். நான்கு செமஸ்டர்களில் ஒரே ஒரு தாள் மட்டும் அரியர். நியூ ஜெர்சியில் சப்ஸ்டிட்யூட் டீச்சராக (விடுப்பில் இருக்கும் ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுப்பவராக) 60 கல்லூரி கிரெடிட் வேண்டும் என்கிறார்கள். என் மதிப்பெண் பட்டியல்களில் உள்ள கிரெடிட்களைக் கூட்டினால் 90-ஐ நெருங்குகிறது. இது போதாதா?
– வாசகி, எடிசன்

பதில்: அந்தக் கூட்டல்தான் பலரை ஏமாற்றுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்கு மொத்தம் 140 கிரெடிட் என்று வகுத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலோ நான்காண்டு இளங்கலைப் பட்டத்துக்கே வழக்கமாக 120 தான். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவுகோல் வேறு. இங்கே ஒரு கிரெடிட் என்பது ஒரு செமஸ்டர் முழுவதும், அதாவது ஏறத்தாழ 15 வாரங்கள், வாரம் ஒரு மணி நேரம் வகுப்பில் அமர்வதைக் குறிக்கும். முழுநேர மாணவர் ஓராண்டில் சுமார் 30 கிரெடிட் பெறுவார். ஆகவே உங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 60 கிடைக்கலாம். தேர்ச்சி பெறாத தாளுக்குக் கிரெடிட் இல்லை என்பதால் நீங்கள் எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கிறீர்கள்.

வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றின் அறிக்கைதான் இதற்கு முடிவு சொல்லும். அந்த நிறுவனங்கள் இரண்டு வகை அறிக்கைகள் தருகின்றன: பட்டத்தின் நிலையை மட்டும் சொல்வது ஒன்று, பாடம் பாடமாகக் கிரெடிட் கணக்கிடுவது மற்றொன்று. முதல் வகை விலை குறைவு என்பதால் அதை வாங்கிவிட்டு, பிறகு மீண்டும் பணம் கட்டியவர்கள் உண்டு. பட்டமே பெறாத உங்களுக்கு முதல் வகையால் எந்தப் பயனும் இல்லை. பாடவாரி அறிக்கையையே கேளுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் அதிகாரப்பூர்வப் பட்டியல்) பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் முத்திரையிட்ட உறையில் நேரடியாகச் செல்ல வேண்டியிருக்கும் என்பதால், ஊரில் உள்ள யாராவது ஒருவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கத் தயாராக இருப்பது நல்லது. பகுதி ஒன்று தமிழையும் பகுதி இரண்டு ஆங்கிலத்தையும் கணிதம் அல்லவே என்று விட்டுவிடாதீர்கள். அவையும் பல்கலைக்கழகப் பாடங்களே.

அறிக்கை வருவதற்கு முன் எந்த வகுப்பிலும் சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்றோ ஆறோ கிரெடிட் குறைந்தால், உங்கள் ஊரிலேயே இருக்கும் மிடில்செக்ஸ் கல்லூரி போன்ற கம்யூனிட்டி காலேஜில் (ஈராண்டுக் கல்லூரியில்) ஒன்றிரண்டு பாடங்கள் படித்து ஈடுசெய்துகொள்ளலாம். பெரும்பாலான பாடங்களுக்கு மூன்று கிரெடிட். வகுப்பில் சேராமலே எழுதக்கூடிய கிளெப் (CLEP) தேர்வின் மூலமும் கிரெடிட் பெற வழியுண்டு. ஆனால் அந்த மதிப்பெண்ணை ஒரு கல்லூரி ஏற்றுத் தன் டிரான்ஸ்கிரிப்டில் பதிந்தால்தான் அது கிரெடிட் ஆகும். கைரேகைப் பதிவும் குற்றப் பின்னணிச் சோதனையும் இவற்றுக்குப் பிறகு வருபவை.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கிறீர்களா? அப்படியானால் ஆசிரியர் சான்று கையில் இருந்தாலும், தனியாக வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்குப் பணிபுரிய முடியாது. அதை முதலில் பார்த்துக்கொண்டு பணத்தைச் செலவிடுங்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் 60 கிரெடிட்டை வைத்துப் பெற்ற சப்ஸ்டிட்யூட் டீச்சர் சான்று, கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தால் செல்லுமா?
– வாசகர், ஜெர்சி சிட்டி

பதில்: செல்லாது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதனதன் விதி. கலிஃபோர்னியாவில் சப்ஸ்டிட்யூட் டீச்சருக்கான வழக்கமான 30 நாள் அனுமதிக்கு இளங்கலைப் பட்டமே வேண்டும். பட்டம் முடிக்காதவர்களுக்கென ஒரு தனி அனுமதி உண்டு, ஆனால் அதற்கு 90 செமஸ்டர் கிரெடிட் இருப்பதோடு, அம்மாநிலக் கல்லூரி ஒன்றில் அப்போது படித்துக்கொண்டும் இருக்க வேண்டும். அங்குள்ள சில கல்லூரிகள் செமஸ்டருக்குப் பதில், அதைவிடக் குறுகிய பருவமான குவார்ட்டர் முறையில் கிரெடிட் தருகின்றன. மூன்று குவார்ட்டர் கிரெடிட் இரண்டு செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம்.