மேடையை விட்டு வகுப்புக்குள்: பாலே கேள்வி பதில்

கேள்வி: 36 வயது. பாலே கம்பெனியில் ஆடுவதை நிறுத்தப்போகிறேன். நேரே வகுப்பு எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் உங்கள் உடம்புக்குத் தானாக வந்ததைத்தான் சொல்லிக்கொடுக்கத் திணறுவீர்கள். டர்ன் அவுட்டையே, அதாவது இடுப்பிலிருந்து காலை வெளிப்பக்கம் திருப்புவதையே பாருங்கள். இடுப்பு நன்றாகத் திரும்புகிறவர் "பாதத்தைத் திருப்பு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இடுப்பு திரும்பாத பிள்ளை பாதத்தை மட்டும் 180 டிகிரிக்குத் தள்ளும். திருகல் முழுக்க முழங்காலில் இறங்கும், பாத வளைவு உள்பக்கம் சரியும். பிளியே (முழங்காலை மடக்கி இறங்குவது) போடச் சொல்லி, குனிந்து முன்னாலிருந்து பாருங்கள். முழங்கால் சிப்பி இரண்டாவது விரலுக்கு நேர்மேலே வர வேண்டும். உள்ளே சரிந்தால் பாதக் கோணத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று, உடம்பு சூடேறாமல் தாவிக் காட்டாதீர்கள். பிள்ளைகள் பாரில் (பிடித்துக்கொண்டு பயிலும் கம்பியில்) அரை மணி நேரம் உழைத்திருப்பார்கள், நீங்கள் சும்மா நின்றிருப்பீர்கள். குதிகால் தசைநாண் போனால் போனதுதான்.

கேள்வி: ஒன்பது வயது மகள். விரல்நுனியில் நின்று ஆடும் பாயிண்ட் ஷூ எப்போது?

பதில்: பொதுவாக 11, 12 வயதுக்கு முன் வேண்டாம். வயது மட்டும் போதாது. சில வருடம் ஒழுங்கான பயிற்சி, ஒற்றைக் காலில் தள்ளாடாமல் இருபது முறையாவது குதிகால் தூக்கும் பலம், நீட்டினால் கணுக்காலிலிருந்து பாதம் வரை நேர்கோடு, இத்தனையும் வேண்டும். தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடம், இரண்டு கையும் பாரில், இரண்டு காலிலும்.

கேள்வி: டீச்சர், ரெப்பெட்டிட்டர், கோச், எல்லாம் ஒன்றுதானே?

பதில்: இல்லை. டீச்சர் உடம்பைத் தினமும் தயார் செய்கிறவர். ரெப்பெட்டிட்டர் ஒரு படைப்பின் அடவு, எண்ணிக்கை, வரிசை மூன்றையும் மேடையேற்றுகிறவர். கோச் ஒரே பாத்திரத்தை ஓரிருவரோடு உட்கார்ந்து இழைக்கிறவர். நடன அமைப்பாளர் பாலன்சின் படைப்புகளுக்கு அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையே ரெப்பெட்டிட்டரை அனுப்புகிறது. வீடியோவை மட்டும் நம்பினால் அன்றைக்கு ஆடியவரின் பிழையும் நடன அமைப்பாகிவிடும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் படமெடுத்திருந்தால் இடம் வலமாகும்.

கேள்வி: என் பெண்ணுக்குப் பத்து வயது. பாயிண்ட் ஷூ...?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: பெரிய நட்சத்திரமாக இருந்தவரிடம் கற்பதுதானே நல்லது?

பதில்: அவசியமில்லை. ரஷ்ய பாலே ஆசிரியை வாகனோவாவுக்குப் பாலெரினா (முதன்மை நடனமணி) பட்டம் 1915-ல்தான் கிடைத்தது. 1916-ல் மேடையை விட்டார். இன்றும் உலகெங்கும் பல பள்ளிகள் பின்பற்றும் பயிற்சி முறை அவருடையது.

கேள்வி: ரஷ்ய நடனமணி உலானோவா நட்சத்திரம்தானே? இளைய நடனமணி மாக்ஸிமோவாவைத் தயார் செய்யவில்லையா?

பதில்: செய்தார், கோச்சாக! ஏற்கெனவே பள்ளி முடித்து வந்த உடம்பு அது. எட்டு வயதுப் பிள்ளைக்கு டாண்டு (பாதத்தைத் தரையோடு நீட்டும் அடிப்படைப் பயிற்சி) சொல்லித்தருவது வேறு தொழில்.

கேள்வி: அப்படியானால் மேடை அனுபவமே வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: அப்படி எங்கே சொன்னேன்? மேடை மூச்சு, துணையின் எடை, ஒளியில் கண் கூசும்போது சமநிலை, இதெல்லாம் ஆடியவருக்குத்தான் தெரியும். அதைக் கோச்சிங்கில் கொட்டுங்கள். வாகனோவாவும் ஆடியவர்தான், நட்சத்திரப் பட்டம் தகுதியாகாது என்பதே என் வாதம்.

கேள்வி: முழங்காலில் வலி, என்ன செய்ய?

பதில்: மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பியானோ வாசிப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: தாளம் மூன்றா நான்கா, வேகம், எத்தனை எட்டு எண்ணிக்கை, ஆடத் தொடங்குமுன் வாசிக்கும் முன்னிசை நான்கு எண்ணிக்கை. காட்டும்போது அதே வேகத்தில் எண்ணுங்கள். வாயில் மெதுவாகவும் காலில் வேகமாகவும் காட்டினால் அவர் எதை வாசிப்பார்?

கேள்வி: பதினொரு வயது, பாயிண்ட்...

பதில்: மேலே. மேலே.

கேள்வி: எல்லாவற்றையும் ஆடியே காட்ட வேண்டுமா?

பதில்: பாதி போதும், கையால் குறித்துக் காட்டலாம். இடப்பக்கமும் காட்டுங்கள், பலர் வலப்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தாவல் என்றால் முதலில் உங்கள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.