கேளுங்க அக்காட்ட: காதால வாசிக்கிற கதை

கேள்வி: அக்கா, ஓ எல் சோதினை எழுதிட்டு நிக்கிற என்ட மகள்ட காதுல நாள் முழுக்க இயர்போன். என்னகா கேக்கிற எண்டா 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' எண்டு ஒரு இங்கிலிஷ் கதையாம், மந்திரமாம், சண்டையாம், கிட்டத்தட்ட 18 மணித்தியாலமாம்! கோழிக்குத் தீன் போடக்குள்ளயும் அதுதான். புத்தகத்த வாசிக்காம கேக்கிறதும் வாசிப்பா? பக்கத்து வீட்டு மாமி வேற ஒரு மாதிரியா கதைக்கிறா.
- ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: மாமிய விடுங்க தங்கச்சி. கண்ணகி அம்மன்ட கதை உங்களுக்கு எப்பிடித் தெரியும், வாசிச்சா? வைகாசிச் சடங்குக்குக் கதவு திறந்தா கோயில்ல அவட கதையப் பாட்டாச் சொல்ற கண்ணகி வழக்குரை படிப்பாங்க, நாம மணல்ல குந்தியிருந்து கேட்டு வளந்த ஆக்கள்தானே. அதுல இல்லாத ஃபேன்டஸியா, மாங்கனியில பிறக்கிற பொம்புளப்புள்ள, அதப் பெட்டியில வச்சுக் கடல்ல விடுறது, பிறகு அவட சிலம்புக்கு நாகமணி எடுக்க மீகாமன் கப்பலோட்டிப் போய் வெடியரசனோட சண்டை பிடிக்கிறது, கடைசில ராசாட முகத்துக்கு நேர நிண்டு நியாயம் கேக்கிறது... அவட கோபம் ஆறக் குளிர்த்தி பாடாம சடங்கு முடியுமா?

உங்கட மகள் கேக்கிற கதைய நானும் கேட்டு முடிச்சிட்டன். டோமி அடெயெமி எண்ட நைஜீரிய வம்சாவளி அமெரிக்கப் புள்ள 2018ல எழுதினது. மந்திரத்த அழிச்ச ராசா ஒருத்தன், அவனால தாய இழந்த ஸேலி கையில தடியோட எதிர்த்து நிக்கிறா, அவட பக்கம் வந்து சேருறது அந்த ராசாட சொந்த மகள் அமாரி. எனக்கெண்டா ஸேலிய விட அமாரியத்தான் பிடிச்ச, பயந்து பயந்து கிடந்த புள்ள கொஞ்சம் கொஞ்சமா நிமிர்றது குரல்லயே தெரியும். பாஹ்னி டர்பின்தான் வாசிக்கிறா, 2019ல ஒலிப்புத்தகங்களுக்குக் குடுக்கிற ஆடி (Audie) விருதுல அந்த வருசத்துச் சிறந்த ஒலிப்புத்தகம் எண்டு அதுக்குத்தான் குடுத்தாங்க. ரத்தமும் கொலையும் நிறைய இருக்கு, பத்து வயசுப் புள்ளைக்கு எண்டா நான் குடுக்கமாட்டன், ஓ எல் முடிச்சவக்குப் பரவால்ல.

ஒரு குறை இருக்கத்தான் செய்யுது. காதால மட்டும் கேட்டா பேருகள எழுத்துக்கூட்டத் தெரியாது, முன்பக்கத்து மெப்பும் கண்ணுல படாது. அச்சுப் புத்தகம் எங்கயாவது கிடைச்சா பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேக்கச் சொல்லுங்க.

நீங்க கவலப்பட வேண்டியது காதுக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 80 டெசிபல் சத்தத்துல கிழமைக்கு ஆகக் கூடினது 40 மணித்தியாலம், சின்னப் புள்ளைகளுக்கு 75 டெசிபல். வெளிய ஆள் கூப்பிட்டாக் கேக்கணும், அந்த அளவுக்கு வச்சாக் காணும்.

கேள்வி: எனக்கு ஓடியோபுக் கேட்டா இங்கிலிஷ் பிடிபடுதில்ல, ஃபிரண்ட் டபுள் ஸ்பீட்ல கேக்கிறா. நான் மொக்கா?
- கல்முனை வாசகி

பதில்: சும்மா போட்டாலே நிமிசத்துக்கு ஏறக்குறைய 150 சொல் ஓடுது, அத ரெண்டு மடங்காக்கினா வயலுக்க மிசின் ஓடுற மாதிரித்தான் கேக்கும். 0.9ல வைங்க. முதல் ரெண்டு அத்தியாயத்த ரெண்டு தரம் கேளுங்க, புதுப் பேருகள் காதுல பதிஞ்சா மிச்சம் தன்ட பாட்டுக்குப் போகும். உங்கட ஃபிரண்டுட்ட கதைய ஒருக்காச் சொல்லச் சொல்லிப் பாருங்களன்!

கேள்வி: பொம்புள ஹீரோயின் கதை கேக்கிறன் எண்டு கூட்டாளிமார் நக்கலடிக்கிறாங்க.
- ஒரு பொடியன், அக்கரைப்பற்று

பதில்: நம்மட கோயில்ல கண்ணகி வழக்குரைய ராகம் போட்டுப் படிக்கிறது ஆரு மனே, ஆம்பளைகள்தானே? அவங்கள ஆரு நக்கலடிச்ச? நீங்க கேளுங்க. ஆனா நக்கல் காதுல விழாம இருக்கோணும் எண்டு சத்தத்தக் கூட்டிராதீங்க, மேல களுவாஞ்சிக்குடித் தங்கச்சிக்குச் சொன்ன கணக்கு உங்களுக்கும்தான்.