அலாய் சக்கரம்: பழைய பெயின்டை உரிப்பதும் புதிதாகப் பூசுவதும் – கேள்வி பதில்

கேள்வி: காஸ்டிக் சோடா கரைசலில் சக்கரத்தை ஊறப்போட்டு பெயின்டை எடுக்கலாமா? இரும்புக் கதவுக்கு அப்படித்தான் செய்தேன்.

பதில்: கூடவே கூடாது. இரும்பு தாங்கும், அலாய் சக்கரத்தின் அலுமினியம் தாங்காது. காஸ்டிக் சோடா பெயின்டோடு நிற்காமல் உலோகத்தையே அரித்துத் தின்னும். ஹைட்ரஜன் வாயு பொங்கிக் கிளம்பும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் அச்சிட்ட கூழ்ம ரிமூவரை வாங்குங்கள். டயரையும் வால்வையும் கழற்றிவிட்டு, ரிமூவரைத் தடிப்பாகத் தடவி பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள், சீக்கிரம் காயாது. பெயின்ட் சுருங்கிக் கொப்பளித்ததும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினால் பாளம் பாளமாக வரும். இரும்புக் கம்பி பிரஷ், இரும்பு நார் வேண்டாம். அவற்றின் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்துகொள்ளும். பின்னாளில் அரிப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

கேள்வி: மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவர் வேகமானது என்கிறார்களே? குளியலறையில் வைத்துச் செய்ய எண்ணம்.

பதில்: வேகமானதுதான், ஆளையும் கொல்லும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் கீழே தேங்கும். உடலுக்குள் போனதும் கார்பன் மோனாக்சைடாக மாறும். குளியல் தொட்டியின் பூச்சை இதைக்கொண்டு உரித்தவர்கள் அங்கேயே இறந்திருக்கிறார்கள். வேறு ரிமூவரைத் தேடுங்கள். அதையும் திறந்த வெளியில், கையுறையோடு பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒரு பட்டறையில் சக்கரத்தைச் சூளையில் வைத்து பெயின்டை எரித்துவிடுகிறார்கள். சுத்தமாக வருகிறது. செய்யலாமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வார்ப்பு அலாய் சக்கரங்கள் பெரும்பாலும் ஏ356 என்ற கலவையில் ஆனவை. அந்தக் கலவையின் பலத்தில் பாதி வெப்பப் பதத்தில் இருக்கிறது. வார்த்த சக்கரத்தை ஏறக்குறைய 540 டிகிரி செல்சியஸில் வைத்து, சட்டெனக் குளிரவைத்து, பிறகு 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் முதிரவிடுகிறார்கள். எரிசூளையின் சூடு 350, 400 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் பதம் கெட்டு உலோகம் மென்மையாகிவிடும்.

கேள்வி (அதே நபர்): பல வருடங்களாக அப்படித்தான் செய்கிறார்களாம். ஒரு சக்கரமும் உடைந்ததில்லையாம்.

பதில்: உடைந்தால் அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? பதம் இழந்த சக்கரத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதே எடை, அதே பளபளப்பு. பள்ளத்தில் இறங்கி விளிம்பு வளைந்தால் ஓட்டுநர் பள்ளத்தைத்தான் திட்டுவார். எரித்த சக்கரத்தை என் காரில் மாட்ட மாட்டேன்.

கேள்வி (வேறொருவர்): அப்படியானால் பெயின்டைப் பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்கும் ஆபத்துதானே? அதையும் சுடுகிறார்களே!

பதில்: இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். பவுடரைச் சுடுவது சுமார் 180 முதல் 200 டிகிரியில், பத்து இருபது நிமிடம். ஒரு முறை சுட்டால் பெரிய பாதகம் இல்லை. ஆனால் முதிர்வுச் சூட்டைவிட அது அதிகம் என்பது உண்மை. எனவே உரித்து உரித்துத் திரும்பத் திரும்பச் சுடுவதை நான் ஏற்பதில்லை. குறைந்த சூட்டில் இறுகும் பவுடர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: காஸ்டிக் சோடாவை நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கினால்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். வேண்டாம்.

கேள்வி: கிளியர் கோட்டுக்கு (நிறமில்லாத மேல்பூச்சு) அடியில் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. மேலேயே பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: அடித்தால் திரும்ப வரும். அது பூச்சுக்கு அடியில் புழுப்போல ஊர்ந்து செல்லும் அரிப்பு. கல் தெறித்த ஒரு புள்ளியில் ஈரமும் உப்பும் புகுந்து தொடங்குகிறது. கோடு முடியும் இடத்தையும் தாண்டிப் பூச்சை எடுத்து, 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, குழிகள் மறைந்து பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேயுங்கள். பிறகு 180, 320. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடியுங்கள். தாமதித்தால் ஆக்சைடு படலம் தடித்துவிடும். ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் அச்சு முனையில், உட்காரும் பின்புறத்தையும் நட்டுகள் அமரும் குழிகளையும் மறைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அங்கே பெயின்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி நட்டுகள் தளரும்.

கேள்வி: முகத்தைக் கடைந்து பளபளப்பாக்கிய டைமண்ட் கட் சக்கரத்தை வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: முடியாது. லேத் வேலை. ஒவ்வொரு கடைசலிலும் உலோகம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பின்புறத்துக்கும் பெயின்ட் அடித்தால் அழகாக இருக்குமே?

பதில்: ஹப்பில் உட்காரும் முகத்தில் வேண்டாம் என்று மேலே சொல்லியாயிற்று. மற்ற இடங்களில் தாராளமாக அடியுங்கள். மாட்டியபின் 100 கிலோமீட்டருக்குள் டார்க் ஸ்பேனரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: ஹார்ட்னர் சேர்க்கும் கிளியர் கோட்டுக்குத் துணி மாஸ்க் போதுமா?

பதில்: போதாது. அந்த ஹார்ட்னரில் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவை வரவழைக்கும். வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லையென்றால் அந்த ஒரு வேலையைப் பெயின்டரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: டயரை எப்போது மாட்டலாம்?

பதில்: தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மாட்டாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் முழு இறுகல் நேரம் கழியட்டும். பேலன்ஸ் எடைகளை உட்புறத்தில் ஒட்டும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். விளிம்பைக் கவ்வும் ரகம் புதுப் பூச்சைக் கீறிவிடும்.