கொலு, சுண்டல், பேப்பர் பொம்மை: கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். மதுரைல இருக்கேன், 27 வருஷமா வீட்ல கொலு வைக்கிறேன். கல்யாணமாகி வந்த வருஷம் மாமியார் குடுத்த மரப்பாச்சி ஜோடியும் விளாச்சேரில வாங்கின ஒரு செட்டியார் செட்டும்தான் இருந்துச்சு, இப்போ ஏழு படி, அதுல பாதி நானும் என் பொண்ணும் பேப்பர் கூழ்ல செஞ்சது. நவராத்திரிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு, சரியான நேரம்தான், கேளுங்க. ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன்: எரியுற விளக்கு படி மேல வேண்டாம், கீழ தரைல, துணிலேர்ந்து ரெண்டடி தள்ளி, தட்டுக்குள்ள வைங்க.

திருச்சி, முதல் வருஷம்: அக்கா, எங்க வீட்ல கொலு வழக்கமே இல்ல. பாப்பாவுக்காக வைக்கலாம்னு ஆசை. ரெடிமேட் படி விலை ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. எப்படி ஆரம்பிக்கிறது?

ஆசை வந்துச்சுல்ல, அப்புறம் என்ன, வைங்கம்மா. படி வாங்காதீங்க. மூணு படி போதும். வீட்ல சூட்கேஸ், ட்ரங்குப் பெட்டி, அரிசி டப்பா, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி எல்லாம் இருக்கும்ல, அட்டைப்பெட்டிக்குள்ள பழைய பேப்பர கசக்கி இறுக்கமா அடைச்சு டேப் ஒட்டிட்டா நல்லாவே வெயிட் தாங்கும். ஒவ்வொரு படியும் எட்டுலேர்ந்து பத்து இன்ச் உயரம், ஒரு அடி அகலம் இருக்குற மாதிரி அடுக்குங்க. ட்ரங்குப் பெட்டி மாதிரி கனமானதெல்லாம் அடியில போகணும், பின்பக்கம் சுவரோட ஒட்டி இருக்கணும். அடுக்கினதும் பொம்மை வைக்குறதுக்கு முன்னாடி கையால நல்லா தள்ளிப் பாருங்க, ஆடினா பிரிச்சு மறுபடி அடுக்குங்க, ஏன்னா பாப்பா கண்டிப்பா ஒரு பொம்மைய எடுக்க ஏறும். மேல வெள்ளை வேட்டிய ஒரே துண்டா போட்டு, மடிப்பு மடிப்பா குண்டூசி குத்திடுங்க. மேல் படில கலசம், மரப்பாச்சி, நடுவுல சாமி பொம்மைங்க, கீழ செட்டியார் கடை, கல்யாண செட் மாதிரி மனுஷங்க. செட்டியார் கடைக்கு மட்டும் நிஜ அரிசி, பருப்பு, மிளகு எல்லாம் குட்டி மூடில போட்டு பாப்பாவையே வைக்கச் சொல்லுங்க, அடுத்த வருஷம் அது உங்களுக்கு முன்னாடி கேட்கும்.

ஓசூர்: கலசம் வைக்க நல்ல நேரம் எது?

உங்க வீட்டுப் பெரியவங்களையோ கோயில் குருக்களையோ கேளுங்க. நான் பஞ்சாங்கம் பாக்குற ஆள் இல்ல.

கோயம்புத்தூர்: கொலு பக்கத்துல பார்க் வைக்கணும், கடுகு போட்டா முளைக்கும்னு சொன்னாங்க, போன வருஷம் பூஞ்சை பிடிச்சு நாறிடுச்சு.

தண்ணி ஜாஸ்தி ஆகிருக்கும். எவர்சில்வர் தட்டுல நார்க்கழிவு இல்லேன்னா பழைய காட்டன் துணிய ரெண்டு மடிப்பா விரிச்சு, நனைச்சு, பிழிஞ்ச ஈரம் மட்டும் இருக்கணும், தண்ணி தேங்கக்கூடாது. கடுகோ கேழ்வரகோ ஒண்ணு மேல ஒண்ணு விழாம தூவி, முதல் ரெண்டு நாள் இன்னொரு தட்டால மூடி வைங்க. முளை வந்ததும் திறந்து ஜன்னல் ஓரம் வச்சு, காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ கையால தண்ணி தெளிச்சா போதும். கொலு வைக்குறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி போட்டா சரியா இருக்கும். கேழ்வரகு மெல்லிசா நிஜ புல் மாதிரியே வரும், எனக்கு அதுதான் பிடிக்கும். வயல் மாதிரி உயரமா வேணும்னா ஓரத்துல கோதுமை போடுங்க. குளத்துக்கு பழைய கண்ணாடி, ரோட்டுக்கு மணல், மரத்துக்கு பூவெல்லாம் உதிர்ந்த துளசிக் குச்சி. கடைல விக்குற பிளாஸ்டிக் புல் பாய் தயவுசெஞ்சு வேண்டாம், பசங்க தினம் வந்து எவ்ளோ வளந்திருக்குன்னு பாக்குற சந்தோஷம் அதுல இல்ல.

தாம்பரம்: தெர்மாகோல்ல கோபுரம் செஞ்சேன், பசை போட்டதும் உருகிடுச்சு. ஏன்?

ரப்பர் மாதிரி இழுக்குற மஞ்சப் பசை, ஸ்ப்ரே பெயிண்ட் ரெண்டுலயும் இருக்குற ரசாயனம் தெர்மாகோல கரைச்சிடும். வெள்ளை ஃபெவிகால், போஸ்டர் கலர் மட்டும் யூஸ் பண்ணுங்க. ஆனா என்னைக் கேட்டா அட்டைல செய்ங்க. தெர்மாகோல் ஒரு பொறி பட்டா குபுகுபுன்னு கரும்புகையோட எரியும், அதை வச்ச படில அகல் விளக்கு ஏத்துறவங்கள நான் பாத்திருக்கேன், வயித்தக் கலக்கும்.

விருதுநகர்: எட்டு விசில் விட்டும் கொண்டைக்கடலை கல்லு மாதிரி இருக்கு. வந்தவங்க முன்னாடி மானம் போச்சு. என்ன தப்பு?

இது நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன். விசில எண்ணுறதுல ஒண்ணும் இல்ல. மூணு விஷயம் பாக்கணும்.

முதல்ல கடலையோட வயசு. சூட்டுலயும் ஈரத்துலயும் மாசக்கணக்கா மூட்டைல கிடந்த கடலை எவ்ளோ வேகவச்சாலும் மெத்துன்னு ஆகாது. வாங்கினதும் ஒரு கைப்பிடி மட்டும் ஊறவச்சு வேகவச்சுப் பாத்துட்டு, அப்புறம் நவராத்திரிக்கு மொத்தமா வாங்குங்க.

ரெண்டாவது தண்ணி. உங்க ஊர்ல போர் தண்ணியா இருந்தா அதுதான் காரணம்னு பாதிக்கு மேல சொல்லுவேன். உப்புத்தண்ணின்னு நாம சொல்றது சமையல் உப்பு இல்ல, சுண்ணாம்புச் சத்து, கால்சியமும் மெக்னீசியமும். கடலைத் தோல்ல பெக்டின்னு ஒரு பொருள் இருக்கு, கால்சியம் அதோட சேந்து தோல இறுக்கிடும், அப்புறம் தண்ணி உள்ள போகாது. ஊறவைக்குறது, வேகவைக்குறது ரெண்டுக்கும் கேன் தண்ணி யூஸ் பண்ணிப் பாருங்க, அன்னைக்கே வித்தியாசம் தெரியும்.

மூணாவது நேரம். எட்டுலேர்ந்து பத்து மணி நேரம் ஊறணும், ஊறினது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகணும். ஊறவைக்குற தண்ணில லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கல்லுப்பு போடுங்க. காலைல அந்தத் தண்ணிய கொட்டி, அலசி, புதுத் தண்ணி ஊத்தி, முதல் விசில் வந்ததும் தீய குறைச்சு பதினஞ்சு நிமிஷம், அப்புறம் ஆவி தானா அடங்குற வரைக்கும் தொடாதீங்க. புளி, எலுமிச்சை, மாங்கா, வெல்லம் எதுவும் வெந்த பிறகுதான். தட்டாம்பயறு வெல்லச் சுண்டல் நறுக்கு நறுக்குன்னு இருக்குன்னு சொல்றவங்க எல்லாரும் வெல்லத்த சீக்கிரம் போட்டவங்கதான், வெல்லம் விழுந்துட்டா பயறு வேகுறது ரொம்ப மெதுவாகிடும்.

கும்பகோணம்: அக்கா, இது தப்பு. உப்பு முதல்ல போட்டா கடலை வேகாதுன்னு எங்க பாட்டி, அம்மா எல்லாரும் சொல்லிருக்காங்க. புதுசா வர்றவங்கள குழப்பாதீங்க.

நாகர்கோவில்: கும்பகோணம் சொல்றதுதான் சரி. சிட்டிகை சோடா உப்பு போட்டா போதும், இவ்ளோ கதை எதுக்கு?

கதை இல்ல. நானும் இருபது வருஷம் உப்ப கடைசிலதான் போட்டேன், என் மாமியாரும் அப்படித்தான். ஒரு தடவ கை தவறி உப்பு விழுந்த தண்ணில ஊறினது, கொட்ட மனசில்லாம அப்படியே வேகவச்சேன், அந்த வருஷச் சுண்டல் மாதிரி தோல் மெத்துன்னு எனக்கு வந்ததே இல்ல. அப்புறம்தான் காரணத்த தேடிப் படிச்சேன். சமையல் உப்புல இருக்குற சோடியம், தோல்ல உக்காந்திருக்குற கால்சியத்த வெளிய தள்ளிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும். தோல் இளகும், தண்ணி உள்ள போகும். பாட்டி சொன்னத நான் அவமதிக்கல, அவங்க காலத்து கிணத்துத் தண்ணி வேற, புது அறுவடை கடலை வேற, அவங்களுக்கு எப்படிப் போட்டாலும் வெந்திருக்கும்.

நாகர்கோவில், சோடா உப்பு வேலை செய்யும், இல்லேன்னு சொல்லல. ஆனா கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாசம், மேல் தோல் தனியா கழண்டு குழகுழன்னு ஆகிடும், பி1 வைட்டமினும் குறைஞ்சிடும். கல்லு மாதிரி பழைய கடலை மட்டும்தான் கைல இருக்கு, வேற வழியில்லன்னா அரைக் கிலோவுக்கு கால் டீஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம்.

கும்பகோணம்: நீங்க சொல்றது கேக்க நல்லாருக்கு, ஆனா எனக்கு நம்பிக்கை வரல.

நம்ப வேண்டாம்மா. இன்னைக்கு ராத்திரி அதே கடலைய ரெண்டு கிண்ணத்துல போடுங்க, ஒண்ணுல உப்பு, ஒண்ணுல வெறும் தண்ணி. காலைல தனித்தனியா அதே நேரம் வேகவச்சு விரல்ல நசுக்கிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நானும் காலைல வர்றேன்.

பெரம்பூர்: எங்க அபார்ட்மெண்ட்ல 40 பேர கூப்பிடணும், சனிக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு லீவு. எவ்ளோ சுண்டல், எப்படி சமாளிக்குறது?

ஒரு கிலோ காஞ்ச கடலை வெந்தா ரெண்டே கால் கிலோ வரும், தொன்னைக்கு 80, 90 கிராம்னு வச்சா 25 பேர். உங்களுக்கு ஒண்ணே முக்கால் கிலோ போடுங்க, குழந்தைங்க ரெண்டாவது தடவ கேப்பாங்க. வெள்ளி ராத்திரி ஊறவைங்க, தாம்பூலப் பையும் அன்னைக்கே கட்டிடுங்க, வெத்தலை மட்டும் ஈரத்துணில சுத்தி தனியா வச்சு சனிக்கிழமை போடுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு வேகவச்சு வடிச்சு, நாலு மணிக்கு தாளிங்க. தேங்கா மொத்தத்துக்கும் கலக்காதீங்க, ஒவ்வொரு சட்டியா கலந்து குடுங்க, தேங்கா போட்ட சுண்டல் நம்ம ஊர் வெயில்ல சாயங்காலத்துக்குள்ள ஊசிடும். எல்லாரையும் ஆறு மணிக்கு வரச்சொன்னா ஹால்ல நிக்க இடம் இருக்காது, ஒரு தளத்துக்கு அரை மணி நேரம்னு பிரிச்சு மெசேஜ் போடுங்க. முடிஞ்சா ஒவ்வொரு தளத்துலயும் பாடத் தெரிஞ்ச ஒருத்தர முன்னாடியே கேட்டு வைங்க, பாட்டு இல்லாம வந்து உக்காந்து போனைப் பாத்துட்டு கிளம்புறது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கும். தெர்மாகோல் கப், பிளாஸ்டிக் கப் வேண்டவே வேண்டாம், 2019 ஜனவரி 1லேர்ந்து தமிழ்நாட்ல தடை இருக்கு. மந்தாரை இலைத் தொன்னை வாங்குங்க. கூட்டம்னா புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் ஜாஸ்தி, அதனால அன்னைக்கு தரைல இருக்குற விளக்கையும் மூலைக்கு தள்ளிடுங்க.

சேலம்: எந்த நாள் எந்த கலர் புடவை?

எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்ல, சுத்தமான காட்டன் எதுவானாலும் கட்டுங்க.

ஈரோடு: ராஜ்மால சுண்டல் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனா அரைவேக்காடு கூடவே கூடாது. ராஜ்மால இயற்கையாவே ஒரு நச்சு இருக்கு, நல்லா கொதிச்சாதான் போகும், சரியா வேகலேன்னா சில மணி நேரத்துலயே வாந்தி, வயித்துப்போக்கு. ஊறின தண்ணிய கொட்டிட்டு, குக்கர்ல விரல்ல வச்சா மசியுற வரைக்கும் வேகவைங்க. ஹாட்பாக்ஸ்ல வெந்நி ஊத்தி மூடி வைக்குற ஐடியா எல்லாம் இதுக்கு ஆகாது.

வேலூர்: கடலை வேகவே மாட்டேங்குது, என்ன பண்றது?

மேல விருதுநகருக்கு ஒரு பக்கம் எழுதிருக்கேன், படிங்க.

பொள்ளாச்சி: எத்தனை படி வைக்கணும்? நாலு படி வைக்கலாமா?

ஒத்தப்படைல வைக்குறது வழக்கம். மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போது. நாலு படிக்கு பொம்மை இருந்தா மூணு படில நெருக்கி வைங்க.

திண்டுக்கல்: படி எண்ணிக்கை எவ்வளவு அக்கா?

இப்பதான் சொன்னேன், ஒரு கேள்வி மேல இருக்கு. கேக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சுட்டு வாங்க, புதுக் கேள்விக்கு எனக்கு நேரம் வேணும்.

புதுச்சேரி: நான் ஆண், மனைவி போன வருஷம் தவறிட்டாங்க. பொண்ணுக்கு ஒம்போது வயசு, அம்மா மாதிரி கொலு வைக்கணும்னு கேக்குறா. எனக்கு எதுவும் தெரியாது. அவளோட சேந்து ஒரு பொம்மை செய்ய முடியுமா?

முடியும் தம்பி. இத நிதானமா சொல்றேன், நேரம் இருக்கு.

பேப்பர கத்திரிக்காம கையால கிழிங்க, கிழிச்சாதான் நார் விடும். ராத்திரி முழுக்க ஊறவச்சு, மறுநாள் அரை மணி நேரம் கொதிக்கவச்சு, ஆறினதும் பழைய மிக்ஸில கொஞ்சம் கொஞ்சமா அரைச்சு துணில பிழியுங்க. ரெண்டு ஸ்பூன் வெந்தயம் ஊறவச்சு அரைச்சு சேருங்க, நம்ம பாட்டிங்க பேப்பர் கூடை செஞ்சது அப்படித்தான், பசையும் பிடிக்கும். கூட மைதாக் கஞ்சி காய்ச்சி சப்பாத்தி மாவு பதத்துக்கு பிசைங்க. பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடச் சொல்லுவாங்க, அது விஷம், குழந்தை கை வைக்குற கூழ்ல போடாதீங்க.

முதல் பொம்மைக்கு முகம், கை, கால்னு போகாதீங்க. ஒரு சின்ன பாட்டில சுத்தி கூழ அப்பி, மேல உருண்டையா தலை வச்சா புடவை கட்டின பொம்மை உருவம் வந்துடும். அரை இன்ச்சுக்கு மேல கனமா போனா உள்ள காயாது. நிழல்ல நாலு நாள், நேரா வெயில்ல வச்சா விரிசல் விடும். காஞ்சதும் உப்புத்தாள் போட்டு, வெள்ளை ப்ரைமர் ஒரு கோட், அப்புறம் அக்ரிலிக் கலர். கண்ண கடைசில அவளையே வரையச் சொல்லுங்க. கோணலா வந்தாலும் திருத்தாதீங்க. இன்னைக்கே கூழ் போட்டா கொலுவுக்கு முன்னாடி முடிஞ்சிடும். அவங்க அம்மா வச்சிருந்த பொம்மைங்கள எங்க வைக்கணும்னு அவளுக்கு ஞாபகம் இருக்கும், அவளே சொல்லுவா, நீங்க கேட்டு வைங்க.

விளக்கு பத்தி உங்களுக்கும் சொல்லணும். என் பொண்ணுக்கு நாலு வயசுல ரெண்டாவது படில அகல் வச்சிருந்தேன், சமையக்கட்டுக்கு போயிட்டு வர்றதுக்குள்ள வேட்டி ஓரம் பிடிச்சிடுச்சு, ஈரத்துண்டு கைல இருந்ததால அணைச்சேன். அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தா.

கும்பகோணம் (மறுநாள் காலை): அக்கா, ரெண்டு கிண்ணத்துலயும் போட்டேன். உப்புல ஊறினது நசுக்கினா வெண்ணெய் மாதிரி இருக்கு, தோல் தெரியல. வெறும் தண்ணில ஊறினது வெந்திருக்கு, ஆனா தோல் பல்லுல படுது. அம்மாவும் சாப்பிட்டுப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல, இன்னொரு கரண்டி கேட்டாங்க. தாளிக்கும்போது உப்பு எவ்ளோ குறைக்கணும்?

ரொம்ப சந்தோஷம்மா. நல்லா அலசினீங்கன்னா வழக்கமா போடுறதுல பாதி போட்டுட்டு ஒரு கடலைய வாயில போட்டுப் பாருங்க, பத்தலேன்னா அப்புறம் தூவிக்கலாம். பெருங்காயம் மட்டும் குறைக்காதீங்க.