ஜவுளிக்கடை அனுபவம் போலீஸ் வேலைக்கு உதவுமா?

கேள்வி: நான் 20 வயதுப் பெண். பிளஸ் டூ முடித்துவிட்டு மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. படிக்கிறேன். போலீஸ் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்பது ஆசை. "கடையில் நின்று காலத்தை வீணாக்காதே, வேலையை விட்டுவிட்டுப் பயிற்சி மையத்தில் சேர்" என்கிறார் மாமா. இந்த அனுபவம் தேர்வில் கணக்கில் வருமா? போலீசுக்கு நெருக்கமான வேறு வேலைக்கு மாறலாமா?

பதில்: மதிப்பெண் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறன் போட்டிகளுக்கு 15, நேர்முகத் தேர்வுக்கு 10, சிறப்பு மதிப்பெண் 5. இந்த ஐந்தும் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு உரியவை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் இந்தப் பங்கீடு 70, 24, 6. அங்கே நேர்முகத் தேர்வே கிடையாது. கடையிலோ கம்பெனியிலோ எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் அதற்கென்று அரை மதிப்பெண்கூட இல்லை. ஆகவே, அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். பள்ளியில் என்.சி.சி.யில் இருந்திருந்தால் அந்தச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். பலன் தருவது அதுதான்.

ஆனாலும் வேலையை விடச் சொல்ல மாட்டேன். உங்கள் அனுபவம் பேசப்போகும் இடம் அந்த 10 மதிப்பெண் நேர்முகத் தேர்வு. பட்டம் பெற்ற கையோடு வருகிறவர்களில் பலர் அங்கே ஒரே மாதிரி பேசுகிறார்கள்: மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும், சிறுவயது முதல் காக்கிச் சட்டை மீது ஆசை. இவற்றைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள்தான் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். நீங்கள் தீபாவளிக் கூட்டத்தில் பில் போட்டவர். இல்லாத தள்ளுபடியைக் கேட்டுக் கத்துபவரையும், குழந்தையைத் தவறவிட்டு அழும் தாயையும் பார்த்தவர். அதில் ஒரு நிகழ்வை நேராகச் சொன்னாலே போதும். ஆனால் அதைச் சரியாகச் சொல்ல இப்போதே பழக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் பணம் கட்டாமல் சுடிதாரைப் பைக்குள் வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு ஒரு நோட்டில் எழுதுங்கள்: "மாலை 6.40. இரண்டாம் தளம், சுடிதார் பிரிவு. சிவப்புப் பை. பில் கேட்டபோது, கீழ்த்தளத்தில் பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். கணினியில் தேடினோம், அப்படி ஒரு பில் இல்லை. 6.50-க்கு மேலாளரிடம் தெரிவித்தேன்." இதில் 'திருட்டு முழி', 'பார்த்தாலே தெரிந்தது' என்ற சொற்கள் வரக்கூடாது. கண்டதும் கேட்டதும் வேறு, நாமாக நினைத்துக்கொண்டது வேறு. காவல் நிலையத்தில் வாக்குமூலம் பதிவு செய்யும்போது முதலில் தேவைப்படும் பழக்கம் இது. வாடிக்கையாளரின் பெயரையும் போன் எண்ணையும் மட்டும் அந்த நோட்டில் எழுதாதீர்கள். அவை உங்களுடையவை அல்ல.

இதே நிகழ்வை வைத்து, "அந்த நபரை என்ன செய்தீர்கள்?" என்று நேர்முகத்தில் கேட்கலாம். கோடவுனில் உட்காரவைத்து இரண்டு தட்டுத் தட்டினோம் என்றால் கதை அங்கேயே முடிந்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-வது பிரிவைப் படித்து வையுங்கள். பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத குற்றத்தைத் தன் கண்ணெதிரே செய்பவரைத் தனிநபரும் பிடிக்கலாம். ஆனால் தேவையற்ற தாமதமின்றி, எப்படியும் 6 மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அடிப்பதற்குச் சட்டம் யாருக்கும் அனுமதி தரவில்லை. கைதான பெண்ணைச் சோதனையிட வேண்டுமானால் பெண்தான் செய்ய வேண்டும் என்று போலீசையே சட்டம் கட்டுப்படுத்துகிறது. கடையில் கண்ணால் கண்ட ஒன்றைச் சட்டப் பிரிவோடு சேர்த்துப் பேசத் தெரிந்த விண்ணப்பதாரரின் பேச்சுக்குத் தனி எடை உண்டு.

இனி, நெருக்கமான வேலைக்கு மாறுவது பற்றி. உரிமம் பெற்ற பாதுகாப்பு நிறுவனத்தில் சேர்ந்தால் ஓரளவு முறையான பயிற்சி கிடைக்கும். தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான மத்திய மாதிரி விதிகள் வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் என்று சொல்கின்றன. ஆனால் இரவுப் பணி உங்கள் படிப்பையும் ஓட்டத்தையும் தின்றுவிடும். ஊர்க்காவல் படை நல்ல வழி. அது பகுதி நேரத் தன்னார்வப் பணி. திருவிழா பந்தோபஸ்து, போக்குவரத்து ஒழுங்கு என்று கூட்டத்தைக் கையாளும் அனுபவம் கிடைக்கும். மாவட்டக் காவல் நிர்வாகத்தின் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். அதில் சேர்ந்தாலே காவலர் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அறிவிப்பு, நியமனக் கடிதம் எதுவும் இல்லாமல் தெரிந்த காவலர் ஒருவரின் பின்னால் ஸ்டேஷனுக்குப் போய் எடுபிடியாக இருப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். போலீசுக்கு உதவும் தன்னார்வலர்களைக் கொண்டு 1993-ல் ராமநாதபுரத்தில் ஐ.பி.எஸ். அதிகாரி பிரதீப் வி. பிலிப் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய 'பிரண்ட்ஸ் ஆப் போலீஸ்' அமைப்பு, 2020-ல் சாத்தான்குளம் காவல் மரணங்களைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் இல்லாத இடத்தில் நின்றால், பழி வரும்போது உங்களைக் காக்க ஒரு காகிதம்கூட இருக்காது.

காகிதம் என்றதும், வேலையில் சேர்க்கும் முன் உங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா என்று பார்க்கும் முன்நடத்தை விசாரணையைச் சொல்லியாக வேண்டும். இத்தனை உழைப்பும் ஒரே நாளில் வீணாகக்கூடிய கட்டம் அது. தமிழ்நாடு காவல் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இதை உறுதி செய்தது. கடை வாசலில் நடக்கும் கைகலப்பு, பைக் நிறுத்துமிடத் தகராறு எதிலும் பெயர் வராமல் ஒதுங்கியிருங்கள். ஏற்கெனவே ஏதாவது வழக்கு இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2016-ல் விரிவாகவே சொல்லியிருக்கிறது. கடையில் வேலைக்குச் சேர்ந்த தேதியும் சம்பள விவரமும் எழுத்தில் இருக்கட்டும்.

தேர்வு முறையே மதிக்கும் முன்அனுபவமும் ஒன்று உண்டு: காவல் துறை அனுபவம். எஸ்.ஐ. பணியிடங்களில் 20 சதவீதம் ஏற்கெனவே துறையில் பணியாற்றுவோருக்கு ஒதுக்கப்படுகிறது. பட்டம் முடியும் வரை எஸ்.ஐ. தேர்வு உங்களுக்கு இல்லை. காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும், வயது 18 ஆனால் சரி. அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். கிடைத்தால் சீருடையோடு பட்டத்தை முடிக்கலாம். கிடைக்காவிட்டால், பொதுப் பிரிவினருக்கே 30 வயது வரை எஸ்.ஐ. தேர்வு எழுத வழி இருக்கிறது; இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வும் உண்டு.

மாமாவின் கவலையில் பாதி நியாயம் இருக்கிறது. காலை முதல் இரவு வரை கடையில் நின்றால் கால் ஓடாது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் கடையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பயிற்சி மையத்துக்காக வேலையை விட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றிக் கேளுங்கள். காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். அதைத் தாண்டினால்தான் மற்ற போட்டிகள். இந்த வாரமே ஏதாவது ஒரு மைதானத்தில் ஓடி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இலக்குக்கு வெகு தொலைவில் இருந்தால் மேலாளரிடம் பிற்பகல் ஷிப்ட் கேட்டு, காலையை ஓட்டத்துக்கு ஒதுக்குங்கள். நெருங்கிவிட்டால் அந்தக் காலை நேரத்தில் பாதியைத் தமிழ் தகுதித் தேர்வுக்குக் கொடுங்கள்; அதில் 40 சதவீதம் எடுக்காதவரின் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.