மயில்துத்தம் போட்டும் குளம் மீண்டும் பச்சையாவது ஏன்?

கேள்வி: எங்கள் மீன் குளத்து நீர் கரும்பச்சையாகிவிட்டது, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. மயில்துத்தம் போட்டதும் நீர் தெளிந்தது. ஆனால் மூன்றே வாரத்தில் முன்னைவிட அடர்த்தியாகப் பாசி வந்துவிட்டது. மறுபடியும் போடலாமா?

பதில்: வேண்டாம். மயில்துத்தம் பாசியைக் கொல்லுமே தவிர, அதை வளர்த்த சத்தைக் குளத்தைவிட்டு வெளியேற்றாது. செத்த பாசி அடியில் படிந்து மட்கும்போது ஆக்சிஜன் தீர்கிறது. பாசிக்குள் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் திரும்பவும் நீருக்கே வந்து சேருகின்றன.

இவ்விரண்டில் நைட்ரஜனுக்காவது வெளியேற ஒரு வழி உண்டு. மீன் கழிவிலுள்ள அம்மோனியாவைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்ற, ஆக்சிஜனற்ற சேற்றில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை. தீவனத்தோடு உள்ளே வந்தது, பிடிக்கும் மீனோடும் வெளியேறும் நீரோடும் அள்ளும் சேற்றோடும்தான் போக வேண்டும். ஒரு கிலோ பாஸ்பரஸ் உலர் எடையில் ஏறத்தாழ 100 கிலோ பாசியை வளர்க்கப் போதும். 1973இல் கனடாவில் 226 என்ற எண் கொண்ட ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்த நீர்ச்சூழல் ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர், இருபுறமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒருபுறத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பாதிதான் நீலப்பச்சைப் பாசியால் மூடிக்கொண்டது.

அடிநீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்பு, பாஸ்பேட்டை (பாஸ்பரஸ் நீரில் இருக்கும் வடிவம்) பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைய, பாஸ்பேட் மேலே கிளம்பும். உங்கள் குளத்தில் பெரும்பாலும் இதுவே நடந்திருக்கும். அடிச்சேற்றில் ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்துடன் இருந்தால் அடியில் ஆக்சிஜன் இல்லை என்று பொருள்.

விடியலில் மீன்கள் திணறுவதற்குக் காரணம், பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவெல்லாம் அதைச் சுவாசிப்பதுதான். 30 டிகிரி வெப்பமுள்ள நீர், காற்றோடு சமநிலையில் இருக்கையில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனையே தாங்கும். அந்தச் சிறு கையிருப்பு அடர்ந்த பாசிக்கு ஓர் இரவுக்குக்கூடக் காணாது. எனவே காற்றூட்டியை நள்ளிரவிலிருந்து, வெயில் நன்றாக ஏறும்வரை ஓட்டுங்கள். மீன்கள் மேலே வரும் நாளில் தீவனம் போடாதீர்கள். மற்ற நாட்களிலும் மீன்கள் உடனே தின்று முடிக்கும் அளவே போதும். கரையிலிருந்து உரமும் சாணமும் வழிந்து வருவதையும் தடுத்துவிடுங்கள்.

அம்மோனியாவைக் காலையில் மட்டும் சோதித்து நிம்மதி அடைபவர்கள் பலர். பிற்பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) ஏறுகிறது. 25 டிகிரியில் பிஎச் 7ஆக இருக்கும்போது அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது, பிஎச் 9ஆனால் மூன்றில் ஒரு பங்கு நச்சாகிவிடும். ஆகவே பிற்பகலிலும் ஒருமுறை சோதியுங்கள்.

அறுவடைக்குப் பிறகு குளத்தை வற்றவிட்டுக் கருஞ்சேற்றை அள்ளுவதுதான் நிலையான தீர்வு. வற்றவிடும்போது கடைசியாக வரும் கலங்கல் நீரில்தான் வண்டலும் பாஸ்பரஸும் மிகுதியாக இருக்கும். அதை ஓடையில் விடாமல், பயிர் நிலத்துக்குத் திருப்பிவிடுங்கள்.